குழாய் வழியே போகும் சூடு

அன்பு மகன் அருளுக்கு,

உன் நலம், மருமகள் நலம் என்று விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இன்று எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கனடாவில் பனி விழத் தொடங்கிவிட்டது, கரண்டு பில் கட்டி மாளவில்லை, அதனால் முன்னறையில் விறகு அடுப்பு ஒன்று வைத்துவிட்டேன் என்றாய். கடையில் இருந்ததிலேயே பெரியது, பன்னிரண்டு கிலோவாட், எண்பது சதவீதம் திறன் என்று பரீட்சையில் மார்க் வாங்கி வந்த நாளில் சொல்வது போலச் சொன்னாய். குளிர் நுழையாமல் ஜன்னல் இடுக்குகளிலெல்லாம் டேப் ஒட்டிவிட்டாயாம். கடைசியில் போகிற போக்கில், "நைட்டு படுக்கப் போறப்ப மேல குழாயில ஒரு தகடு இருக்கும்மா, அத மூடிட்டா சூடு வெளிய போகாது, கங்கு காலைல வரைக்கும் நிக்கும்" என்றாய். மூடாதே என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, இது நம்மூரு அடுப்பு இல்ல, சர்டிபிகேட் வாங்குன அடுப்பு" என்றாய். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு ஒரு பச்சைக் குழந்தை வரப்போகிறது. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் என்னால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்வேன், நாளைக்கே உனக்கு வந்துவிடும். முழுவதும் படி. பாதியில் நிறுத்திவிட்டு போன் பண்ணாதே.

நீ சொன்ன இரண்டு எண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தானே சிரித்தாய். உன் அப்பாவின் அடுப்புகளில் சமைத்தவள் நான். உன்னைத் திண்டுக்கல்லில் விடுதியில் சேர்த்துவிட்டு நாங்கள் சிறுமலையில் இருந்த வருடங்களில் அரசாங்கம் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா அங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அடுப்புக் கட்டும் பயிற்சிக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்த நாளிலிருந்து மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. வாழைக்காய் நிறுக்கும் தராசை இரவல் வாங்கிவந்து விறகை நிறுப்பார். பானையில் தண்ணீரை அளந்து ஊற்றி, கொதிக்க எத்தனை நேரம், எவ்வளவு விறகு மிச்சம் என்று பார்ப்பார். மூன்று கல் வைத்து எரிக்கிற அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பானைக்குச் சேராது, மீதியெல்லாம் காற்றோடு போகிறது என்று சொல்லிச் சொல்லி ஆறமாட்டார். பணத்தை ரோட்டில் இறைத்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தக் குணம் உனக்கும் அப்படியே வந்திருக்கிறது. டியூப்லைட்டை அணைக்காமல் வெளியே வந்தால் என்னைத் திட்டுகிறவன்தானே நீ.

அவர் கட்டிய அடுப்பு விறகை மிச்சப்படுத்தியது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதன் வாய் சிறியது. கை மொத்தத்துக்கு விறகைப் பிளந்து, காயவைத்து, ஒவ்வொன்றாக ஊட்டவேண்டும். அவர் சோதனை பார்க்கும்போது பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல ஊட்டிக்கொண்டே இருப்பார். எண் நன்றாகத்தான் வரும். நான் காலையில் உலையும் வைத்து வெஞ்சனமும் வைத்து அவரைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவள், அடுப்புக்குப் பணிவிடை செய்ய எனக்கு ஏது நேரம். பெரிய கட்டையைத் திணித்துவிட்டு வேறு வேலைக்குப் போவேன். அடுப்பு இருமும், புகையும், உலை கொதிக்காது. கடைசியில் கொல்லையில் மூன்று கல்லை வைத்துக் காப்பிச் செடியில் கவாத்து வெட்டிய கட்டையைப் போட்டு எரித்து, சோற்றை வடித்து, பானையைத் தூக்கிவந்து அவர் அடுப்பின் மேல் வைத்துவிடுவேன். "பாத்தியா, இம்புட்டு வெறகுலயே ஆயிருச்சு" என்பார். ஆமாங்க என்பேன். அப்போதே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. எவ்வளவு வேகமாகச் சூடு தருகிறது என்பது ஒன்று, எவ்வளவு சூட்டை வீணாக்காமல் தருகிறது என்பது வேறு ஒன்று. கொல்லையில் இருந்த மூன்று கல்லுக்கு முதலாவது இருந்தது, அப்பாவின் அடுப்புக்கு இரண்டாவது இருந்தது. உன் கிலோவாட்டும் சதவீதமும் இவைதான்.

ஆகவே பன்னிரண்டு கிலோவாட் என்றதும் நல்ல அடுப்பு என்று எண்ணிவிடாதே. நன்றாக எரியும்போது அது எவ்வளவு சூட்டைத் தள்ளும் என்பதற்கு அது ஓர் அளவு, அவ்வளவுதான். உன் முன்னறை நம் ஆத்தூர் வீட்டு முன்னறை அளவுதான் இருக்கிறது, போட்டோவில் பார்த்தேன். ஒரு ஆழாக்கு அரிசி பொங்குவதற்கு அண்டாவை ஏற்றியது போல இருக்கிறது. அந்த அறையில் அந்த அடுப்பை முழுதாக எரித்தால் உங்களால் உட்கார முடியாது. அதனால் காற்றுத் துவாரத்தைக் குறைப்பாய். குறைத்தால் விறகு எரியாமல் கருகும், கருகினால் புகையும், புகை குழாய்க்குள் தாராக ஒட்டும். புகை என்பது வேறென்ன, எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதானே. நீ வாங்கிய எண்பது சதவீதம் அன்றே போயிற்று. அந்த எண் கம்பெனிக்காரன் நன்றாகக் காய்ந்த விறகை வைத்து, காற்று முழுக்க விட்டு, உன் அப்பாவைப் போலப் பக்கத்திலேயே நின்று எடுத்தது. உன் வீட்டு வாசலில் பனியில் நனைந்து கிடக்கிற கட்டை முதலில் தன் ஈரத்தைக் கொதிக்கவைக்கும், அதற்குப் பிறகுதான் உன்னைக் கவனிக்கும். பாதி அளவு அடுப்பு போதும், திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடு. முடியாவிட்டால் கொஞ்சமாக விறகு போட்டு நன்றாக எரியவிடு. இவ்வளவும் விறகுக் கணக்கு. தவறினால் கொஞ்சம் காசு போகும், போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

உனக்கு ஒரு தங்கை பிறந்தாள், ஒரு மாதம்கூட இருக்கவில்லை, ஜன்னி வந்து இறந்துபோனாள் என்று உனக்குத் தெரியும். நீ அப்போது ஆறாம் வகுப்பு. உன்னை விடுதியிலிருந்து கூட்டிவந்து கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினோம். ஜன்னி வரவில்லை, அருள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

பிரசவம் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நடந்தது. அகரத்தில் என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அங்கே போயிருப்பேன். அவர்கள் இல்லை, என் அண்ணன் வீட்டில் போய் உட்கார எனக்கு மனமில்லை. பிள்ளையோடு மலைக்கே வந்துவிட்டேன். மார்கழி மாதம், பகல் முழுக்க மேகம் வீட்டு வாசலில் நிற்கும். பிள்ளை பெற்றவள் இருக்கிற அறையை அடைத்துத்தான் வைக்க வேண்டும், பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று உனக்கும் தெரியும். அதை ஊரார் சொன்னார்கள், அப்பா செய்தார். ஓட்டு இடுக்கில் சாக்கைக் கிழித்துச் சொருகினார், ஜன்னலுக்கு மெழுகுத் துணி அடித்தார். அறை மூலையில் தன் கையாலேயே சின்னதாக ஒரு புகையில்லா அடுப்பு கட்டி, கூரைக்கு மேலே குழாய் விட்டார். குளிக்கத் தண்ணீரும் அதிலேயே காயும், அறையும் சூடாக இருக்கும். மகள் பிறந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பள்ளியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூளியை எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் ஓட்டின் மேல் ஏறிக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு இறங்கினார். "அடுப்புல தீ அடங்கி வெறும் கங்குதான் கெடக்கு. அப்பயும் இம்புட்டுச் சூடு வானத்துக்குப் போகுது பாரு" என்றார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகடு செய்து, குழாயில் ஒரு கீறல் போட்டு அதில் சொருகினார். தீ எரியும்போது தகட்டை இழுத்துவிடுவது, தீ அடங்கிப் புகை நின்றதும் தள்ளி மூடிவிடுவது. புகை எல்லாம் உள்ளேயே சுற்றாதா என்று கேட்டேன். "புகையே இல்லையே, பொறவு கொழாய் எதுக்கு?" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இருமல் இல்லை, கண் எரிச்சல் இல்லை, கங்கு பார்க்க அழகாகச் சிவந்து கிடந்தது, அறை சாயங்காலம் வரை கதகதப்பாக இருந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற செல்லம்மா பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டாள். அக்கம்பக்கத்திலும் கேட்டார்கள். அப்பா சளைக்காமல் டின்னை வெட்டிக் கொடுத்தார். அந்த நாட்களில் எனக்குத் தலை பாரமாக இருந்தது, வாந்தி வரும் போல இருந்தது. பிள்ளை பெற்ற அசதி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். செல்லம்மா வந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டாள். எனக்கும் தலைக்கு ஊற்றினாள். அவ்வளவு தண்ணீர் காய்ந்ததில் அடுப்பு நிறையக் கங்கு. புகை நின்றதைப் பார்த்துவிட்டுத் தகட்டை அவள்தான் தள்ளினாள். "தண்ணி ஊத்துன பிள்ள நல்லா ஒறங்கும் வாத்தியாரம்மா, எழுப்பிப்புடாதீக. நீங்களும் செத்த நேரம் படுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் கதவோரம் பாயில் படுத்தேன். கதவுக்கு அடியில் கொஞ்சம் இடுக்கு இருந்தது, அதில் வந்த காற்றால்தான் நான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். தூளி மேலே உத்திரத்தில் தொங்கியது. குளித்த பிள்ளை நெடுநேரம் தூங்கத்தான் செய்யும், அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. பால் குடிக்கிற நேரம் தப்பியபோதுகூட நன்றாகத் தூங்குகிறாள் என்றுதான் அரை மயக்கத்தில் நினைத்தேன். சாயங்காலம் அப்பா பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தார். "ரூம்பு எப்புடிக் கதகதன்னு இருக்கு பாத்தியா" என்றார். தூளியை எட்டிப் பார்த்தார். "நல்லா ஒறங்குது, எழுப்பாத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தார்.

அன்று இரவே, வாழைத்தார் ஏற்றி நின்ற ஜீப்பில் தாரையெல்லாம் கீழே இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் வாந்தி எடுத்தேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வீட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சுதா?" என்று கேட்டார். எரியவில்லை, கங்குதான் இருந்தது என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். காற்றுப் போதாமல் கங்கு கனிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அவர் நடத்துகிற பாடம் அது. டாக்டர் அதற்கு மேல் விளக்கவேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும், சேதி கேட்டு வந்த என் அண்ணன் ஓடிவந்து என்ன ஆயிற்று என்றான். ஜன்னி என்று நான்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் அண்ணன் அவரை அங்கேயே அடித்திருப்பான், என்னையும் உன்னையும் அகரத்துக்குக் கூட்டிப் போயிருப்பான். நீ அப்பா இல்லாத பிள்ளையாக வளர்ந்திருப்பாய். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சில நாள் மன்னிப்பேன், சில நாள் மன்னிக்கமாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஞாயிறு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்திருந்தோம், அதற்குள் வியாழக்கிழமையே அடக்கம் பண்ணினோம். கல்லறையிலிருந்து நேரே மலைக்கு ஏறிப்போய், அப்பா வீடு வீடாக நுழைந்து தான் சொருகிய தகடுகளையெல்லாம் உருவினார். சூட்டோடு வெறுங்கையால் உருவியதில் உள்ளங்கை வெந்துபோயிற்று. பிள்ளை செத்ததில் வாத்தியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. செல்லம்மா மட்டும் தகட்டைக் கொடுக்கமாட்டேன் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கைப்பிள்ளைக்காரி மருமக இருக்கா சார், குளுருல எப்புடி வெச்சுக்குவேன்" என்றாள். பல வருடமாகக் கங்குச் சட்டியைப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள் அவள். அவள் வீட்டுக் கூரை ஆயிரம் இடுக்கு உள்ள கூரை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதே கங்குதான் எங்கள் வீட்டிலும் இருந்தது. சாக்கு சொருகி, மெழுகுத் துணி அடித்து, குழாயையும் மூடிய அறை எங்களுடையது மட்டும்தான். அப்பா அவள் காலில் விழுந்துவிட்டார். அவள் பயந்துபோய்க் கொடுத்துவிட்டாள். அவளிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தகட்டைத் தள்ளிய தன் கையை அவள் எப்படிப் பார்ப்பாள்.

அதற்குப் பிறகு ஆத்தூருக்கு மாற்றல் கேட்டு வந்தோம், கேஸ் அடுப்பு வாங்கினோம், நீ வீட்டிலிருந்து படிக்க வந்தாய். ப்ளஸ் டூ படிக்கும்போது கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தாய் என்று அப்பா உன்னை அறைந்தாரே, அந்த ஒரு அறையை நீ இன்னும் மறக்கவில்லை. கொசு கடித்துச் சாகட்டும் என்று நினைக்கிற தகப்பன் என்று என்னிடம் சொன்னாய். ஏன் அறைந்தார் என்று இப்போது தெரிந்துகொண்டாய்.

இனி உன் எண்பது சதவீதத்துக்கு வருகிறேன். மீதி இருபது எங்கே என்று உன் மனம் அரிக்கும், எனக்குத் தெரியும், நீ அவர் மகன். அந்த இருபது திருட்டுப் போகவில்லை. குழாய் சூடாக இருந்தால்தான் அது உள்ளே இருக்கிற நஞ்சை இழுத்துக்கொண்டு மேலே போகும். குழாய் வழியே போகிற சூடுதான் உன்னைக் காப்பாற்றுகிற சூடு. சூடு துளியும் வெளியே போகாத அடுப்பு வேண்டுமென்றால் அதை உன் அப்பா கட்டிவிட்டார். அதன் திறன் நூற்றுக்கு நூறு, எந்தக் கம்பெனியாலும் அந்த எண்ணை வாங்க முடியாது. ஆகவே அந்தத் தகட்டைக் கழற்றி எடுத்துவிடு. கழற்ற முடியாவிட்டால் திறந்தபடி ஆணி அடித்துவிடு. கங்கு முழுதாகச் சாம்பலாகும்வரை குழாய் திறந்திருக்கட்டும். ஒரு ஜன்னலின் டேப்பையாவது கிழி. போட்டோவோடு நீ அனுப்பிய அடுப்பின் கையேட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கருவியைப் பற்றிப் போட்டிருக்கிறது, அந்த வாயு அறையில் சேர்ந்தால் கூவுமாம். அதை வாங்கித் தொட்டில் இருக்கிற அறையில் மாட்டு. கரண்டு பில் வரட்டும், கட்டுவோம். இதையெல்லாம் செய்துவிட்டுப் போன் பண்ணு. அப்பா எடுத்தால் அவரிடம் எதையும் கேட்காதே. அவர் சொல்லட்டும் என்று நீ காத்திருந்தால் அவர் ஒருநாளும் சொல்லமாட்டார்.

நீ என்னைக் கேட்கலாம். பெற்றவள் அதே அறையில் இருந்தும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீ கேட்காவிட்டாலும் உன் மனம் கேட்கும். பிள்ளை சில்லிட்டுப் போயிருந்தால் தொட்ட உடனே தெரிந்திருக்கும். அந்த அறை அவளைச் சில்லிட விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், தூளியிலிருந்து அவளைத் தூக்கினேன். உடம்பு கதகதவென்று இருந்தது. கன்னமும் உதடும் சிவந்து, அதுவரை இல்லாத அழகாக இருந்தாள். மார் கட்டி வலித்தது, மடியில் போட்டு வாயில் மார்பை வைத்தேன். குடிக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று உள்ளங்காலைச் சுண்டினேன், பேர் வைக்காத பிள்ளையைப் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டேன். முழு இருட்டாகி அப்பா விளக்கோடு உள்ளே வரும்வரை நான் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா